காருடன் வரும் வழிகாட்டியா, தனிக் கருவியா, கைப்பேசியே போதுமா?

வைகைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். 41 வயதில் முதல் கார் வாங்கப் போகிறேன். ஒரே காரில் இரண்டு மாடல்களுக்கு இடையே மனம் ஊசலாடுகிறது. எஞ்சின், நிறம், இருக்கை எல்லாம் ஒன்றுதான். மேல் மாடலில் வழிகாட்டி வசதி காருக்குள்ளேயே பொருத்தப்பட்டிருக்கிறது. கீழ் மாடலில் திரை மட்டும் உண்டு. நம் கைப்பேசியை அதில் இணைத்துக்கொள்ள வேண்டும். விலை வித்தியாசம் 68,000 ரூபாய். எனக்கு அது சிறிய தொகை இல்லை.

நான் மதுரையில் இருக்கிறேன். அம்மா வால்பாறையில், எஸ்டேட் பக்கம் இருக்கிறார். மாதம் ஒருமுறை மகளை அழைத்துக்கொண்டு போய் வர வேண்டும். இத்தனை வருடமும் பஸ்ஸில்தான் போனோம். சென்ற ஐப்பசியில் முதன்முறையாகத் தம்பியின் காரை நானே ஓட்டிச் சென்றேன். ஜன்னலோரம் உட்கார்ந்து இருபது வருடம் பார்த்த பாதைதானே என்ற தைரியம். ஆழியாறு தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் மழை, பிறகு பனிமூட்டம். அட்டகட்டிக்கு மேலே பாதை பிரிகிற ஓர் இடத்தில் கைப்பேசியைப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் வெற்றுக் கட்டங்கள், நடுவில் ஒரு நீலப் புள்ளி. அவ்வளவுதான். சாலை, ஊர்ப்பெயர் எதுவும் இல்லை. மகள் பின்னிருக்கையில் பேசாமல் இருந்தாள். அவள் பயந்தால் அப்படித்தான் இருப்பாள். கால் மணி நேரம் கழித்துத் தேயிலை ஏற்றி இறங்கி வந்த ஒரு லாரிக்காரர் கண்ணாடியை இறக்கி வழி சொன்னார்.

ஷோரூமில் இருப்பவர், "மலைப்பாதைக்குக் கைப்பேசி உதவாது, மேல் மாடல்தான் சரி" என்கிறார். தம்பி, "கையில் போன் இருக்கும்போது எதற்கு அக்கா அவ்வளவு பணம்" என்கிறான். கடையில் தனியாக விற்கும் ஜிபிஎஸ் கருவிகளும் இருக்கின்றன என்று ஒரு தோழி சொன்னார். இந்த மூன்றையும் பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள்.

கத்திப்பாரா

சகோதரி, நான் சென்னையில் 11 வருடமாக வாடகைக் கார் ஓட்டுகிறேன். என் பதில் ஒரே சொல்: கைப்பேசி.

காரணம் சொல்கிறேன். வாடிக்கையாளர் யாரும் இப்போது முகவரி சொல்வதில்லை. வாட்ஸ்அப்பில் லொகேஷன் அனுப்புகிறார்கள். அதைத் தொட்டால் வழி வந்துவிடும். காருக்குள் இருக்கும் வழிகாட்டியில் அதே இடத்தைத் தேட வேண்டுமானால் தெருப்பெயரை எழுத்து எழுத்தாக அடிக்க வேண்டும். நம் ஊர்ப் பெயர்களை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதுகிறார்கள். திருவல்லிக்கேணி என்று அடித்தால் அதற்குத் தெரியாது, டிரிப்ளிகேன் என்றால்தான் தெரியும்.

இரண்டாவது, சென்னையில் மெட்ரோ ரயில் வேலை. நேற்று போன வழி இன்று தடுப்பு வைத்து அடைக்கப்பட்டிருக்கும். முன்பு நான் ஓட்டிய ஒரு காரில் கம்பெனி பொருத்திய வழிகாட்டி இருந்தது. அதில் இருந்த வரைபடம் கார் செய்த வருடத்துப் படம். வேலை நடக்கும் பள்ளத்தின் ஓரத்தில் நிறுத்திவிட்டு, அது "நேராகச் செல்லவும்" என்று சொல்வதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். படத்தைப் புதுப்பிக்க சர்வீஸ் சென்டரில் கேட்ட தொகையில் இரண்டு டயர் வாங்கலாம்.

ஒரு எச்சரிக்கை மட்டும். கைப்பேசியைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் மாட்டாதீர்கள். சித்திரை வெயிலில் டேஷ்போர்டு அடுப்பு மாதிரி கொதிக்கும். ஒரு பக்கம் சார்ஜ் ஏறும், ஒரு பக்கம் மேப் ஓடும், மேலே வெயில். முதலில் திரை மங்கும், பிறகு சார்ஜ் ஏறுவது நிற்கும், கடைசியில் சூடு அதிகம் என்று எழுதிக் காட்டிவிட்டு அணைந்துவிடும். ஏசி காற்று வரும் துவாரத்தில் மாட்டும் பிடிப்பான் வாங்குங்கள். குளிர்ந்த காற்று முதுகில் பட்டுக்கொண்டே இருந்தால் நாள் முழுக்க ஓடும்.

பழையவரைபடம்

கோவையிலிருந்து எழுதுகிறேன். தனிக் கருவிக்காகப் பேச ஆள் இல்லாமல் போகக் கூடாது என்பதற்காகவே இந்தப் பதிவு.

2010-இல் ஒன்று வாங்கினேன். உள்ளங்கை அகலம், கண்ணாடியில் ஒட்டும் ரப்பர் உறிஞ்சி, சிகரெட் லைட்டர் துளையில் செருகும் வயர். இந்திய வரைபடம் முழுவதும் ஒரு சிறிய அட்டையில் அதற்குள்ளேயே இருந்தது. குடும்பத்தோடு அதை நம்பி ஹம்பி போனேன், கூர்க் போனேன், தனுஷ்கோடி போனேன். சிக்னல் இல்லாத இடம் என்ற ஒன்றே அதற்குக் கிடையாது. வழியில் அழைப்பு வந்து படத்தை மறைக்காது. அலுவலகச் செய்தி வந்து மேலே விழாது. வழி சொல்வது ஒன்றே அதன் வேலை, அதை முழு மனதோடு செய்தது.

அந்தக் காலத்தில் இந்தியாவில் மேப்மைஇந்தியா, சாட்கைடு போன்ற பெயர்களில் கருவிகள் நன்றாக விற்றன. உலக அளவில் டாம்டாம் நிறுவனத்தின் 'கோ' 2004-லும் கார்மின் நிறுவனத்தின் 'நூவி' 2005-லும் வந்து சந்தையைப் பிடித்திருந்தன. 2009 அக்டோபர் இறுதியில் கூகுள், ஆண்ட்ராய்டு கைப்பேசியில் திருப்பத்துக்குத் திருப்பம் வழி சொல்லும் வசதியை இலவசமாகத் தரப்போவதாக அமெரிக்காவில் அறிவித்தது. அன்றே இந்த இரண்டு நிறுவனங்களின் பங்கு விலையும் சரிந்தது. மூன்றே மாதத்தில், 2010 ஜனவரியில், நோக்கியாவும் தன் வழிகாட்டியை இலவசமாக்கியது. கடைகளிலிருந்து தனிக் கருவி மறையத் தொடங்கிய கதை அதுதான். தரம் குறைந்து அது தோற்கவில்லை. இலவசத்தோடு யாரால் போட்டியிட முடியும்?

என் கருவி இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆனால் சகோதரி, உங்களை இன்று புதிதாக ஒன்று வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2016-க்குப் பிறகு அதன் படத்துக்குப் புதுப்பிப்பு வரவில்லை. நான்குவழிச் சாலையில் போகும்போது வயல்வெளிக்குள் போவதாகக் காட்டுகிறது. உங்கள் ஊர்க் கடைகளில் புதிது கிடைத்தாலும், எத்தனை வருடம் படத்தைப் புதுப்பித்துத் தருவார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மின்பணிமனை

திருச்சியில் கார் மின்வேலைப் பட்டறை வைத்திருக்கிறேன். ஸ்டீரியோ, கேமரா, திரை மாட்டுவது தினசரி வேலை. இங்கே எல்லோரும் மூன்று கருவிகளை ஒப்பிடுகிறீர்கள். நான் சகோதரியின் மலைப்பாதைக் கதையிலிருந்து தொடங்குகிறேன்.

நீங்கள் எழுதியதை மறுபடி படியுங்கள். "வெற்றுக் கட்டங்கள், நடுவில் ஒரு நீலப் புள்ளி." புள்ளி இருந்ததல்லவா? அப்படியானால் உங்கள் கைப்பேசிக்கு, தான் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்திருந்தது. படம்தான் இல்லை. இடம் அறிவது வேறு, படம் இருப்பது வேறு. பட்டறைக்கு வருபவர்களில் பத்தில் எட்டுப் பேர் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள்.

இடம் அறிவதற்குக் கைப்பேசிக் கோபுரம் தேவையில்லை. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரம் இருக்கிறது. அது நேரத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தச் செய்தி நம்மை வந்து சேர எவ்வளவு தாமதமானது என்று கருவி அளக்கிறது. நான்கு செயற்கைக்கோள்களின் செய்தி கிடைத்தால் இடம் கணக்காகிவிடும். ஒரு மைக்ரோ விநாடி பிசகினால் தூரம் 300 மீட்டர் பிசகும். அதனால்தான் அணுக் கடிகாரம். ஜிபிஎஸ் மட்டுமல்ல, ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகியவற்றின் செய்தியையும் இன்றைய கைப்பேசிகள் சேர்த்து வாங்குகின்றன. நம் இஸ்ரோவின் நாவிக் அமைப்பைப் படிக்கும் கைப்பேசிகளும் வந்துவிட்டன. ஆக, வால்பாறை மலையிலும் வானம் தெரிந்தால் இடம் தெரியும்.

கோபுரம் எதற்கு உதவுகிறது? தொடக்கத்தை வேகப்படுத்த. எந்தச் செயற்கைக்கோள் சரியாக எங்கே இருக்கிறது என்ற விவரத்தை அந்தச் செயற்கைக்கோளே 30 விநாடிக்கு ஒருமுறை ஒலிபரப்புகிறது. மிக மெதுவான ஒலிபரப்பு. கைப்பேசி அதற்குக் காத்திருக்காமல் இணையத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் வீட்டு வாசலில் உடனே புள்ளி வருகிறது. சிக்னல் இல்லாத காட்டில் திறந்தால் சற்று நேரம் பிடிக்கிறது.

இனி காருக்குள் பொருத்தப்பட்டது ஏன் ஒசத்தி என்று சொல்கிறேன், ஏனென்றால் அது உண்மையிலேயே ஒசத்திதான். இரண்டு காரணங்கள். முதலாவது ஆன்டெனா. காரின் கூரையில் சுறாத் துடுப்பு மாதிரி ஒன்று இருக்குமே, பல கார்களில் ஜிபிஎஸ் ஆன்டெனா அதற்குள்தான் இருக்கும். தலைக்கு மேல் முழு வானம். உள்ளே இருக்கும் கைப்பேசி கண்ணாடி வழியாகத்தான் வானத்தைப் பார்க்கிறது. வெப்பத்தைத் தடுக்க மெல்லிய உலோகப் பூச்சு போட்ட முன்கண்ணாடி என்றால் அந்தப் பார்வையும் மங்கும். அத்தகைய கண்ணாடிகளில் ஃபாஸ்டேக் ஒட்டுவதற்கென்று பூச்சில்லாத சிறு சதுரம் விட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

இரண்டாவது, சக்கரம். காருக்குத் தன் சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று தெரியும். எந்தப் பக்கம் எவ்வளவு திரும்பியது என்பதை ஜைரோஸ்கோப் சொல்லும். இரண்டையும் சேர்த்தால் வானமே தெரியாவிட்டாலும் இடத்தைக் கணக்குப் போட்டுக்கொண்டே போகலாம். இது புதிய யோசனை இல்லை. ஜிபிஎஸ் பொதுமக்களுக்கு வருவதற்கு முன்பே, 1981-இல் ஹோண்டா நிறுவனம் ஜைரோஸ்கோப்பை வைத்தே கார் வழிகாட்டி செய்தது. 1985-இல் கலிஃபோர்னியாவில் ஈட்டாக் என்ற கருவி வந்தது. படங்கள் கேசட்டில் இருக்கும், இடத்தைச் சக்கரமும் திசைகாட்டியும் சொல்லும். ஜிபிஎஸ்ஸை உள்ளேயே வைத்து வந்த கார், 1990-இல் ஜப்பானில் வெளியான மாஸ்டா யூனோஸ் காஸ்மோ.

கைப்பேசியிலும் ஜைரோஸ்கோப் உண்டே என்பீர்கள். உண்டு. சக்கரம் இல்லையே! நீண்ட சுரங்கத்தில் கடைசியாகத் தெரிந்த வேகத்தை வைத்து ஊகிக்கும். நடுவில் நெரிசலில் நின்றுவிட்டால் ஊகம் தவறிவிடும்.

காரின் கணக்கும் பிசகும் என்பதைச் சொல்லாமல் விட்டால் அது நியாயமில்லை. அழகுக்காகப் பெரிய டயர் மாட்டிக்கொண்டு வருவார்கள். சுற்றளவு 3 விழுக்காடு கூடினால் போதும், இமாச்சலத்தில் 9 கி.மீ. நீளமுள்ள அடல் சுரங்கத்தில் வெளியே வரும்போது ஏறத்தாழ 270 மீட்டர் தள்ளிக் காட்டும். வெளியே வந்து செயற்கைக்கோளைப் பார்த்ததும் தன்னைத் திருத்திக்கொள்ளும்.

இப்போது சகோதரிக்கு ஒரு கேள்வி. மதுரையிலிருந்து வால்பாறை வரை எத்தனை நீண்ட சுரங்கம் இருக்கிறது?

வைகைக்கரை

ஒன்றும் இல்லை ஐயா. திண்டுக்கல், பழனி, உடுமலை, பொள்ளாச்சி எல்லாம் திறந்த வெளி. ஆழியாறுக்குப் பிறகு 40 கொண்டை ஊசி வளைவுகள்.

நீங்கள் சொன்ன பிறகுதான் உறைக்கிறது. புள்ளி நகர்ந்துகொண்டுதான் இருந்தது. நான்தான் அதைப் பழுதென்று நினைத்து அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். மறுபடி போட்டதில் அது தேடிக்கொண்டு வெகுநேரம் நின்றது.

ஆனால் வளைவுகளில் அது தடுமாறியதே, அது ஏன்? ஒரு வளைவு மேலே இருக்கும்போது ஒரு வளைவு கீழே இருப்பதாகக் காட்டியது. இன்னொரு சந்தேகம்: கீழ் மாடலின் திரையில் கைப்பேசியை இணைத்தால், இடத்தை அறிவது கைப்பேசியா, காரா?

மின்பணிமனை

கொண்டை ஊசியில் மேல் சாலையும் கீழ் சாலையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. மேலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் இடையே முப்பது நாற்பது மீட்டர்தான் இருக்கும். மலை ஒரு பக்கத்து வானத்தை மறைத்துவிடும். அங்கே சிறு பிசகு போதும், புள்ளி அடுத்த சாலைக்குத் தாவிவிடும். சக்கரக் கணக்கு உள்ள கார் இதில் தடுமாறுவது குறைவு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வளைவில் நமக்கு வேறு வழி ஏது? சாலை போகிற பக்கம்தான் போக வேண்டும். பிரிவுகளில் சரியாகக் காட்டினால் போதுமானது.

மேம்பாலத்திலும் இதே சிக்கல்தான். உயரத்தை அறிவதில் ஜிபிஎஸ் கொஞ்சம் பலவீனமானது. செயற்கைக்கோள்கள் எல்லாம் தலைக்கு மேலே இருக்கின்றன, காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. பாலத்தின் மேலே போகிறோமா, கீழே சர்வீஸ் ரோட்டில் போகிறோமா என்று தெரியாமல் தவிக்கும். கூகுள் மேப் 2024-இல் இந்திய நகரங்களில் மேம்பாலம் வருவதை முன்கூட்டியே அறிவிக்கத் தொடங்கியது பெரிய உதவி.

இரண்டாவது கேள்விக்கு: காரைப் பொறுத்தது. கைப்பேசியைக் காரின் திரையில் காட்டும் ஆண்ட்ராய்டு ஆட்டோ, ஆப்பிள் கார்ப்ளே இரண்டிலும், கார் தன் ஆன்டெனா தரும் இடத்தைக் கைப்பேசிக்குக் கொடுக்க வழி இருக்கிறது. சில கார்கள் கொடுக்கும், சில கொடுக்காது. ஷோரூமில் கேட்டால் "கொடுக்கும்" என்றுதான் சொல்வார்கள். நீங்களே சோதித்துவிடுங்கள். கைப்பேசியை வயர் வழியாக இணைத்து, சமையலறை அலுமினியத் தாளில் இரண்டு சுற்றுச் சுற்றி, கையுறைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டு ஓட்டிப் பாருங்கள். அந்த வட்டாரத்துப் படத்தை முன்பே இறக்கி வைத்திருக்க வேண்டும். திரையில் புள்ளி ஒழுங்காக நகர்ந்தால் காரின் ஆன்டெனா வேலை செய்கிறது. உறைந்து நின்றால் இல்லை.

பேர்கன்வாசி

நோர்வேயிலிருந்து எழுதுகிறேன், யாழ்ப்பாணத்துக்காரன். இங்கே நிலைமை தலைகீழ் என்பதால் என் அனுபவத்தையும் பதிந்துவிடுகிறேன்.

எங்கள் நாட்டில் சாலைகள் மலைக்குள்ளேயும் கடலுக்கு அடியிலும் போகின்றன. 2000ஆம் ஆண்டு திறந்த லார்டல் சுரங்கம் 24.5 கி.மீ. நீளம். நேர்ப்பாதை என்பதால் அதில் வழி தவற இடமில்லை. எனக்குச் சிக்கல் வந்தது ஹார்டாங்கர் பாலத்தில். 2013-இல் திறந்த பாலம் அது, மிக அழகானது. ஆனால் அதன் இரு முனைகளும் நேரே சுரங்கத்துக்குள் போய் முடிகின்றன. சுரங்கத்துக்குள்ளேயே ரவுண்டானா இருக்கிறது. பாறையைக் குடைந்து, நீல வெளிச்சம் போட்ட ஒரு வட்டம். அங்கே ஒரு பாதை ஒஸ்லோ பக்கம் போகும், ஒரு பாதை ஒட்டா பக்கம் போகும்.

முதல் தடவை போனபோது கைத்தொலைபேசியை நம்பிப் போனேன். சுரங்கத்துக்குள் நுழைந்ததும் புள்ளி ஊகத்தில் ஓடத் தொடங்கியது. எனக்கு முன்னால் ஒரு பாரவூர்தி மெதுவாகப் போனது, நானும் மெதுவாகப் போனேன். கைத்தொலைபேசி அதை அறியாமல் எனக்கு முன்னே ஓடிப்போய், நான் ரவுண்டானாவுக்கு வருவதற்குள் தான் அதைத் தாண்டிவிட்டதாக நினைத்து, "நேரே செல்லவும்" என்றது. வட்டத்தில் நின்று யோசிக்க முடியுமா? பின்னால் ஹோர்ன் அடிக்கிறார்கள். தவறான பாதையில் இறங்கித் திரும்பி வர அரை மணித்தியாலம் ஆனது. இப்போது வைத்திருக்கும் வாகனத்தில் வழிகாட்டி உள்ளேயே இருக்கிறது. அதே வட்டத்தில் மீற்றர் பிசகாமல் "இரண்டாவது வெளிவழி" என்கிறது.

இன்னொன்று, என்னுடையது மின்சார வாகனம். மின்கலத்தில் எவ்வளவு மீதி இருக்கிறது, ஏற்றத்தில் எவ்வளவு செலவாகும் என்பதெல்லாம் உள்ளிருக்கும் வழிகாட்டிக்குத்தான் தெரியும். மாரிகாலத்தில் சார்ஜ் ஏற்றும் இடத்தை அதில் குறித்துவிட்டால், போய்ச் சேரும் முன்பே மின்கலத்தைச் சூடாக்கத் தொடங்கிவிடும். குளிர்ந்த மின்கலத்தில் சார்ஜ் ஏறுவதற்கு ஆகும் நேரத்தைப் பிள்ளைகளோடு காத்திருந்தவர்களுக்குத்தான் தெரியும். கைத்தொலைபேசிப் படத்தை வைத்து ஓடினால் என் வாகனம் அதைச் செய்வதில்லை.

ஆகவே சகோதரி, நீங்கள் பெற்றோல் கார் வாங்குகிறீர்களா, மின்சாரக் கார் வாங்குகிறீர்களா என்பதையும் சொல்லுங்கள்.

வைகைக்கரை

பெட்ரோல்தான். வால்பாறைக்கு மின்சாரக் காரில் போகும் துணிச்சல் இன்னும் வரவில்லை.

நாமக்கல்லாரி

எங்கள் குடும்பத்தில் மூன்று லாரிகள் ஓடுகின்றன. இந்த இழையில் யாரும் தொடாத ஒன்றைச் சொல்ல வேண்டும். இடமும் தெரிகிறது, படமும் புதியது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் படத்துக்கு நம் வண்டியைத் தெரியுமா?

போன வருடம் எங்கள் டிரைவர் ஒருவர் பாரத்தோடு இரவில் வந்துகொண்டிருந்தார். கைப்பேசிச் செயலி 14 கி.மீ. குறையும் என்று ஒரு கிராமத்துச் சாலையைக் காட்டியது. போனார். ஒன்றரை கி.மீ. உள்ளே ரயில்வே சுரங்கப்பாதை. வண்டியின் தார்ப்பாய் முகட்டுக்கும் மேல் உத்தரத்துக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளிகூட இல்லை. திருப்ப இடமில்லை. கிளீனர் பின்னால் டார்ச் அடித்துக்கொண்டு நடக்க, அந்த ஒன்றரை கி.மீ.யும் பின்னோக்கியே வந்தார்கள். இரு பக்கமும் வாய்க்கால். விடிந்துவிட்டது.

செயலியைக் குறை சொல்லிப் பயனில்லை. அது காருக்கு வழி சொன்னது. வெளிநாடுகளில் லாரிக்கென்றே தனிக் கருவி விற்கிறார்கள். கார்மின் நிறுவனத்துக்கு டெசல் என்று ஒரு வரிசையே இருக்கிறது. வண்டியின் உயரம், எடை, நீளம் எல்லாவற்றையும் அதில் பதிந்துவிட்டால் அதற்கேற்ற வழியைத் தரும். பழையவரைபடம் ஐயா அவர்களே, உங்கள் தனிக் கருவி சாகவில்லை, லாரியில் பிழைத்திருக்கிறது. ஆனால் நம் ஊரில் ஒவ்வொரு சுரங்கப்பாதையின் உயரத்தையும் யார் அளந்து படத்தில் ஏற்றப் போகிறார்கள்? அதுவரை எங்கள் டிரைவர்கள் வேறு டிரைவரிடம் போனில் கேட்டுத்தான் புதுச் சாலையில் இறங்குவார்கள்.

திம்பம் மலைப்பாதையும் அப்படித்தான். 27 வளைவுகள் இருப்பது படத்தில் தெரியும். இரவில் பண்ணாரி சோதனைச் சாவடியில் லாரியை விடமாட்டார்கள் என்பதை நாம்தான் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

கத்திப்பாரா

நாமக்கல் அண்ணன் சொன்னதைப் படித்ததும் மனதில் இருந்த ஒன்றை எழுதுகிறேன். 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தில் பரேலி பக்கம், ராமகங்கை ஆற்றுப் பாலத்திலிருந்து ஒரு கார் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். வெள்ளத்தில் பாலத்தின் ஒரு பகுதி முன்பே போய்விட்டிருந்தது. வழிகாட்டிச் செயலியைப் பார்த்து வந்தார்கள் என்று செய்திகள் சொல்லின. அந்தச் செய்தியைப் படித்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை. நானும் எத்தனை இரவு திரையை மட்டும் பார்த்து ஓட்டியிருக்கிறேன்.

முதல் பதிவில் "கைப்பேசி" என்று ஒரே சொல்லில் அடித்துச் சொன்னேன். அதில் மாற்றமில்லை. ஆனால் சகோதரி தனியாகக் குழந்தையோடு போகிறவர். அறிமுகமில்லாத குறுக்குவழியை அது காட்டினால், நேரம் கூடுதலானாலும் பஸ் போகும் சாலையிலேயே போங்கள். பஸ் போகிற சாலை என்றால் உயிருள்ள சாலை.

கைப்பேசியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டாதீர்கள் என்று தனியே சொல்லத் தேவையில்லை. 2020 அக்டோபரிலிருந்து மோட்டார் வாகன விதியில் வழி பார்ப்பதற்கு மட்டும் கைப்பேசியை அனுமதித்திருக்கிறார்கள். அதுவும் ஓட்டுபவரின் கவனம் சிதறாத வகையில்தான்.

பழையவரைபடம்

நாமக்கல் நண்பருக்கு நன்றி, மனது நிறைந்தது.

கைப்பேசியில் படத்தை இறக்கி வைப்பதைப் பற்றி யாரும் விரித்துச் சொல்லவில்லை. கூகுள் மேப்பில் வேண்டிய வட்டாரத்தைத் தேர்ந்தெடுத்து முன்பே இறக்கி வைக்கலாம். அதற்குக் காலாவதி உண்டு, ஆகையால் வைஃபை கிடைக்கும்போது புதுப்பித்துக்கொள்ள வேண்டும். அதோடு ஆர்கானிக் மேப்ஸ், ஆஸ்மாண்ட் என்று இரண்டு செயலிகள் இருக்கின்றன. உலகம் முழுவதும் தன்னார்வலர்கள் 2004 முதல் வரைந்துவரும் ஓபன்ஸ்ட்ரீட்மேப் படத்தை முழுமையாக இறக்கித் தருபவை. மலையில் எஸ்டேட் மண்பாதை, ஒற்றையடிப் பாதை எல்லாம் பல இடங்களில் அதில் இருக்கின்றன. ஒன்று கைவிட்டால் இன்னொன்று.

இன்னும் ஒன்று எனக்கு முக்கியம். என் பழைய கருவி, நான் எங்கே போனேன் என்று யாரிடமும் சொல்லாது. சிம் கார்டே இல்லாத கருவி. கைப்பேசி அப்படியில்லை. காரும் அப்படியில்லை. மோசில்லா அறக்கட்டளை 2023-இல் 25 கார் நிறுவனங்களின் தனியுரிமைக் கொள்கைகளை ஆராய்ந்தது, ஒன்றுகூடத் தேறவில்லை. நம் வீட்டுப் பெண்கள் தனியாகப் போய்வரும் பாதை இன்னொருவரின் கணினியில் பதிந்திருப்பது எனக்கு உறுத்துகிறது. மேல் மாடலில் இணைய இணைப்பு இருந்தால், அதை எப்படி அணைத்து வைப்பது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

வைகைக்கரை

எல்லோருக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை சோதனை ஓட்டத்துக்குப் போனேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

கீழ் மாடலின் சோதனைக் காரைத்தான் கேட்டேன். மகளின் சப்பாத்தி சுற்றும் அலுமினியத் தாள் பையில் இருந்தது. ஷோரூம் தம்பி, நான் கைப்பேசியை அதில் சுற்றுவதைப் பார்த்துத் திகைத்துவிட்டார். காரணத்தைச் சொன்னதும் அவரே ஆர்வமாகி வயரைச் சரியாகப் பிடித்துக்கொடுத்தார். பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டுத் தல்லாகுளம் வரை போனோம். புள்ளி ஷோரூம் வாசலிலேயே நின்றது. ஒரு முறை மட்டும் குதித்து எங்கோ தள்ளி நின்றது. ஆக, கீழ் மாடலில் கார் தன் இடத்தைக் கைப்பேசிக்குக் கொடுக்கவில்லை.

தாளைப் பிரித்துக் கைப்பேசியை ஏசி துவாரத்தில் மாட்டிவிட்டு நத்தம் சாலைப் பறக்கும் பாலத்தில் ஏறினோம். மேலே சுமார் 7 கி.மீ. பாலம், கீழே அதே நீளத்துக்குச் சாலை. ஏறும் இடத்தில் "மேம்பாலத்தில் செல்லவும்" என்று தமிழில் சொன்னது. நடுவில் ஒருமுறை, கீழே இருப்பதாக நினைத்து இடதுபக்கம் திரும்பச் சொன்னது. இடதுபக்கம் தடுப்புச் சுவர்தான் இருந்தது. சில நொடிகளில் தானாகவே திருத்திக்கொண்டது.

பிறகு மேல் மாடலையும் ஓட்டினேன். அதே பாலத்தில் ஒரு பிசகும் இல்லை. அந்த வித்தியாசத்தைக் கண்ணாரப் பார்த்தேன், மின்பணிமனை ஐயா சொன்னது முழுக்க உண்மை. ஆனால் அதன் தேடல் பெட்டியில் அம்மா இருக்கும் எஸ்டேட் பெயரை மூன்று விதமாக அடித்தும் வரவில்லை. கைப்பேசியில் இரண்டாவது எழுத்திலேயே வந்துவிட்டது. படம் எத்தனை வருடம் இலவசமாகப் புதுப்பிக்கப்படும் என்று கேட்டேன். மூன்று வருடம் என்றார்கள். இந்தக் காரை நான் பதினைந்து வருடமாவது வைத்திருப்பேன்.

அன்று மலையில் எனக்கு இல்லாமல் போனது படம். அதை இறக்கி வைக்கச் செலவே இல்லை. பேர்கன் அண்ணாவைப் போலச் சுரங்க ரவுண்டானாவில் திரும்ப வேண்டியவளாக இருந்தால் யோசிக்காமல் மேல் மாடலை எடுத்திருப்பேன். கீழ் மாடலுக்கே முன்பணம் கட்டிவிட்டேன். மிச்சமாகும் பணத்தில் பனிமூட்ட விளக்குகள் பொருத்திக்கொள்ளப் போகிறேன். அன்று எனக்கு வழி தெரியாததைவிடச் சாலையே தெரியாததுதான் பெரிய பயம்.

நேற்றிரவு பொள்ளாச்சி முதல் வால்பாறை வரை இரண்டு செயலிகளிலும் படத்தை இறக்கினேன். மகள் பக்கத்தில் உட்கார்ந்து, இணையத்தை அணைத்துவிட்டு, அட்டகட்டிக்கு மேலே அந்தப் பிரிவைத் தேடிக் கண்டுபிடித்தாள். அங்கே ஒரு நட்சத்திரக் குறி போட்டு வைத்திருக்கிறாள்.

மின்பணிமனை

நல்ல முடிவு சகோதரி. பனிமூட்ட விளக்கு மஞ்சள் நிறத்தில், பம்பருக்குக் கீழ்ப்பகுதியில் பொருத்தச் சொல்லுங்கள். உயரத்தில் வைத்தால் வெளிச்சம் பனியில் பட்டு உங்கள் கண்ணிலேயே திரும்ப அடிக்கும். வயரை ஒட்டுப்போட்டு இழுக்காமல் ரிலே (விளக்குக்கான மின்சாரம் சுவிட்ச் வழியாக ஓடாமல் தனியே இயக்கும் சிறு பாகம்) வைத்துத் தனி ஃப்யூஸுடன் இணைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் கம்பெனி உத்தரவாதம் போய்விடும் என்று பிரச்சினை செய்வார்கள். கார் எப்போது வருகிறது?

வைகைக்கரை

அடுத்த மாதம் 12ஆம் தேதி தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்த வாரமே அம்மாவிடம் போகிறோம். ரிலே, தனி ஃப்யூஸ் இரண்டையும் தாளில் எழுதி வைத்துக்கொண்டேன்.